அனுஷா, திருவாதிரை, நூற்றியொன்று

என் குரல் பெரிது. பிறவியிலேயே அப்படித்தான். போதாக்குறைக்கு முப்பத்தோரு வருஷம் ஒரு சர்க்கார் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து, வரிசையில் நிற்கிற ஜனத்தைப் பார்த்துக் கத்திக் கத்தி அது இன்னும் தடித்துப்போயிற்று. இப்படிப்பட்ட என்னைக் கொண்டுவந்து அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வைத்தானே கடவுள், அவனைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

வலியசாலைக்குப் பின்னால் கிள்ளியாற்றைப் பார்த்துச் சரியும் சந்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நான், நீலாம்பாள், ஒற்றைக்கட்டை. அந்தப் பக்கம் அழகியநம்பி, அவன் பெண்டாட்டி ரத்னாபாய், மகள் அனுஷா. எல்லோரும் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவர்கள்தான். வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டதால் வாயைத் திறந்தால் பாதி மலையாளம் வரும். நம்பிக்குச் சாலைக் கடைத்தெருவில் பூஜைச் சாமான் கடையில் வேலை. அந்தக் கடைக்கு வேண்டிய விளக்குத் திரியைத் தாயும் மகளும் வீட்டிலிருந்து திரித்துக் கொடுக்கிறார்கள். பஞ்சு சாக்குச் சாக்காக வந்து இறங்கும். கொட்டை நீக்கிய பஞ்சைப் பிய்த்து, தொடையில் கொஞ்சம் விபூதி தடவி, உள்ளங்கையால் ஒரே உருட்டு. ஒரு திரி. சத்தமே இல்லாத வேலை. அதனால்தான் அந்த வேலை.

அனுஷாவுக்கு இருபத்துநாலு வயது. நாலு வயதிலேயே டாக்டர் ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார். காது கேட்காத எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். காது வேண்டாத அளவுக்குக் கேட்கிற ஆள் என்று இவளைத்தான் பார்த்தேன். மூன்றாவது வீட்டு டியூப்லைட் முனகுவது அவளுக்குக் கேட்கும். சில்வர் தட்டில் கரண்டி பட்டால் பல்லுக்குள் ஆணி அடிப்பது மாதிரி இருக்கும் என்று அவளே ஒருநாள் சொன்னாள். சும்மா பிடிக்காமல் போவதல்ல, வலி. அது புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

அந்த வீட்டில் குக்கர் கிடையாது, சோறு பானையில்தான். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பஞ்சும் துணியும் சுற்றிவைத்திருப்பார்கள். நம்பி காலையில் ஸ்கூட்டரைச் சந்து முனை வரை தள்ளிக்கொண்டுபோய் அங்கேதான் ஸ்டார்ட் செய்வான். ரத்னாவுக்குப் பப்படம் என்றால் உயிர். அதை நொறுக்கித் தின்ன என் அடுக்களைக்கு வருவாள். என் மிக்ஸிக்கும் ஒரு சட்டம் வந்தது. தீயலுக்கு வறுத்த தேங்காய் அரைக்க வேண்டுமா, முதலில் அனுஷாவின் போனுக்கு 'மிக்ஸி' என்று மெஸேஜ் போட வேண்டும். 'ஓகே நீலாக்கா' என்று பதில் வந்த பிறகு ஓட்டலாம். என் வீட்டு மிக்ஸியை ஓட்ட எவளோ ஒருத்தியிடம் அனுமதியா என்று நான் ஆரம்பத்தில் குதித்த குதி இருக்கிறதே, கேட்க வேண்டாம். பிறகு எப்போதோ அவள் 'ஓகே' வராமல் எனக்கே கை ஸ்விட்சுக்குப் போகாமல் ஆயிற்று.

தெரிந்து வருகிற சத்தத்தை அவள் தாங்குவாள். அதற்கு ஒரு நோட்டு வைத்திருந்தாள். மணி, என்ன ஒச்சை, எங்கிருந்து என்று மூன்று கட்டம். மீன்காரரின் ஹார்ன், குப்பை வண்டி, என் மிக்ஸி எல்லாம் அதில் உண்டு. அந்த நேரம் வந்ததும் கடையில் நம்பி வாங்கிவந்த காதுமூடியை எடுத்து மாட்டிக்கொள்வாள். நோட்டில் இல்லாத சத்தம் வந்தால்தான் ஆபத்து.

போன வருஷம் அதுதான் நடந்தது. தெருமுனையில் கல்யாண ஊர்வலம், யாரோ சரவெடி கொளுத்திவிட்டார்கள். கரண்டு வேலை செய்யும் ஜெபசிங் அப்போது போஸ்டில் நின்றிருந்தான், கீழே இருந்த ஆள் "ஜெபசிங்கே!" என்று கூப்பிட்ட அதே நொடியில் வெடி. அனுஷா காதைப் பொத்திக்கொண்டு ஓடி ஆட்டோவுக்கு முன்னால் விழுந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் பதினொரு மாசம் அவள் வாசலைத் தாண்டவில்லை. ஜெபசிங் என்ற பேரைக் கேட்டாலே உடம்பு சுருண்டுகொள்ளும். பேரும் வெடியும் அவளுக்குள் ஒட்டிப்போய்விட்டன. பாவம் அந்த மனுஷன், இப்போது அந்த வீட்டில் அவனுக்கு 'கரண்டு மாமன்' என்றுதான் பேர்.

அந்தப் பதினொரு மாசத்தில் ஒருநாள் எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தேவி கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன். பிள்ளை மறுபடி தெருவில் இறங்கி நடந்தால், அவள் பேரில் நூற்றியொன்று கதினா வெடி, இரும்புக் குழாயில் மருந்து இடித்து வெடிப்பது. பேடி போக, பயம் போக, வெடி நேர்வதுதான் இங்கே வழக்கம். சிரிக்காதீர்கள். வெடிச் சத்தத்துக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு வெடி வழிபாடா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். அப்போது எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. அக்கரைக் கோயிலில் வெடித்தால் எங்கள் சந்தில் யாரோ தும்மின மாதிரிதான் கேட்கும். நானும் முப்பது வருஷமாகக் கேட்டு வருகிறேன். கும்ப மாசம் பிறந்ததும் அனுஷா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சந்து முனை வரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். அன்றைக்கே நான் ஓடிப்போய் ரசீது எழுதிவிட்டேன். ரத்னாவிடம் சொல்லவில்லை. உற்சவம் முடிந்து பிரசாதத்தோடு போய்ச் சொல்லலாம் என்று ஒரு ஆசை.

உற்சவத்தின் ஏழாம் நாள். காலை ஒன்பதரை மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது, ஒரு இலை அசையவில்லை. துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். மதிலுக்குக் கீழே ஆற்றோரத்தில் கோயிலுக்குச் சொந்தமான காலி மனை ஒன்று உண்டு. அங்கே இரண்டு பேர் இரும்புக் குழாய்களை வரிசையாக நட்டு முடித்திருந்தார்கள். கதினா. படியிறங்கி ஓடினேன்.

வெடிக்காரன் பிரஜினை எனக்குத் தெரியும். இடது கையில் ஒரு விரல் இல்லை.

"பிரஜினே, இங்க எதுக்கு இதக் கொண்டு வந்து வச்சிருக்கே?"

"இந்தப் பக்கம் வந்து சொல்லு சேச்சி. வலத்தே காது எனக்குக் கேக்காது."

இடது பக்கம் போய்க் கேட்டேன்.

"இந்த வருஷம் வெடி இங்கயாக்கும். கோயிலுக்கு அடுத்து ஸ்கூல் வந்தாச்சே. அங்க பொட்டிக்கப் பாடில்லன்னு சொல்லிட்டாங்க. கமிட்டி இந்த எடத்தக் காட்டிச்சு."

"இப்ப வெடிக்கப் போறது யாருக்க வழிபாடு?"

அவன் சட்டைப் பையிலிருந்து கடுதாசியை எடுத்தான். "அனுஷா. திருவாதிரை. நூற்றியொண்ணு. பத்தரைக்கு."

கையில் பிழியாத சேலை இருந்தது. தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அனுஷா வீட்டுப் பின்சுவர் அங்கிருந்து இருபது அடி.

"வேண்டாம் பிள்ளே. நேர்ந்தவ நான்தான். எனக்கு வேண்டாம். எல்லாத்தையும் எடுத்துரு."

"நிறச்சாச்சு சேச்சி."

"நிறச்சா என்னா? கொட்டிரு."

பிரஜின் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "கரிமருந்தப் போட்டு, மேல செங்கப் பொடி போட்டு, இடிச்சு எறக்கியிருக்கு. திரும்ப வெளிய எடுக்க முடியாது. கம்பியிட்டுத் தோண்டினா ஒரு பொறி மதி, வெடிச்சிரும்." விரல் இல்லாத கையைத் தூக்கிக் காட்டினான். "இது அப்படிப் போனதாக்கும். நிறச்ச கதினாவுக்கு ஒரே வழிதான் உண்டு, பொட்டிக்கணும். வெயிலும் ஏறுது. வச்சிருக்கவும் முடியாது."

"ஆத்துல தூக்கிப் போடேன்டா!"

"நூற்றியொண்ணையும் நானும் இவனும் சுமந்தா? நிறச்சத அசைக்கப்பிடாது சேச்சி. சத்தியமாயிட்டு முடியாது."

மணி ஒன்பது நாற்பது. இன்னும் ஐம்பது நிமிஷம். அவளை எங்கேயாவது கூட்டிப்போய்விடலாம் என்றால், தெருவெல்லாம் மைக் கட்டிப் பாட்டு, முனையில் செண்டைக்காரர்கள். ஆட்டோவில் ஏற்றினால் அவள் நடுவழியில் குதித்துவிடுவாள். சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் ஒரு நினைப்பு வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெடித்த பிறகு, ஐயோ இது யார் செய்த வேலை என்று நானும் கூடச் சேர்ந்து புலம்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? கடுதாசியில் என் பேர்கூட இல்லை. அந்த நினைப்போடு மதில் ஓரம் அரை நிமிஷம் நின்றேன். பிறகு அவர்கள் வீட்டுப் பின்கதவைத் தள்ளினேன்.

ரத்னா அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த வீட்டில் சண்டைகூடக் கிசுகிசுப்புத்தான். அன்றைக்கு அவள் என்னிடம் பேசிய குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நான் ஒன்னிட்ட கேட்டனா எக்கா? எனக்க பிள்ளைக்கு நேர்ந்துக்கோன்னு கேட்டனா?"

"இல்ல ரத்னா."

"பதினோரு மாசம். வாசப்படியில ஒரு காலு, முத்தத்துல ஒரு காலுன்னு, ஒவ்வொரு அடியா வெளிய கொண்டுவந்தேன். ஒனக்க சந்தோசத்துக்கு நூற்றியொண்ணு வெடியா?"

"தப்புதான். என்னை என்ன வேணும்னாலும் சொல்லு. இப்ப என்னா செய்யணும்னு சொல்லு."

"இப்ப வந்து கேக்கியே." கீரையை அப்படியே தரையில் போட்டாள். "அவ ஓடினா நான் பிடிச்சா நிப்பாளா? பின்னால ஆறு, முன்னால ரோடு. எங்க ஓடுவா?"

"நீலாக்கா."

திரும்பிப் பார்த்தோம். அனுஷா உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்காமல் இருக்குமா? சுவருக்குள் எறும்பு போனாலும் கேட்கிறவள். முகம் வெளுத்துப்போயிருந்தது. கையில் நோட்டு.

"ஏழே முக்காலுக்கு இரும்பு ஒச்சை. எட்டே காலுக்கு இரும்பு ஒச்சை. ஒம்பதுக்கு இடிக்குத ஒச்சை. என்னதுன்னு அறியாது. அதான் பேடி." நோட்டை நீட்டினாள். மூன்று வரியிலும் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. அவள் காலடியில் கிடந்த திரிகள் எல்லாம் முறுக்கு ஏறி ஆணி மாதிரி விறைத்திருந்தன. காலையிலிருந்து இந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து பயந்துகொண்டிருந்திருக்கிறது.

"இப்ப அறிஞ்சாச்சு," என்றாள். "எத்தற மணிக்கு?"

"பத்தரைக்கு மக்களே."

"எத்தற?"

"நூற்றியொண்ணு."

அவள் கண்ணை மூடினாள். பிறகு எழுதினாள். "ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் இடையில எத்தற செகண்ட்?"

"அது... படபடன்னு போகும்."

"அது பாடில்ல. ஏழு எண்ணணும். எல்லாத்துக்கும் ஏழு. ஆறு பாடில்ல, எட்டு பாடில்ல."

"நான் பிரஜின்ட்ட சொல்லுகேன். செய்வான்."

"மைக்ல பேரு விளிப்பாங்களா?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. வெடி வழிபாடு என்றால் மைக்கில் பேரும் நட்சத்திரமும் சொல்லிவிட்டுத்தான் தீ வைப்பார்கள். அதுதான் முறை. அதைக் கேட்கத்தானே ஜனம் ரசீது எழுதுகிறது.

"விளிப்பாங்க மக்களே."

"அனுஷான்னு விளிச்சிட்டு வெடிச்சா, அது ஒட்டிக்கும். கரண்டு மாமன் பேரு மாதிரி." அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எதையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். "அப்புறம் அம்மா கஞ்சி குடிக்க விளிச்சாலும் வெடிக்கும். எப்பவும் வெடிக்கும். எனக்குள்ள எனக்க பேருதான் இருக்கு. அத எடுத்து எங்க வைக்க?"

ரத்னா வாயில் முந்தானையை வைத்துப் பொத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம்கூட அந்த வீட்டில் வெளியே வரக்கூடாது.

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. அவளைப் பஞ்சுச் சாக்கு வைக்கிற அறைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். ஜன்னல் இல்லாத அறை. நானே நாலு சாக்கைப் பின்சுவரோடு தள்ளிவைத்தேன். பிறகு ஓடினேன். எனக்கு மூட்டு வலி, படி இறங்கவே மூச்சு வாங்கும். அன்றைக்கு எங்கிருந்து கால் வந்ததோ.

பிரஜினின் நல்ல காதுப் பக்கம் நின்று சொன்னேன்: "ஏழு எண்ணி ஒண்ணு. மாறப்பிடாது. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"சரம் போல போனாத்தானே சேச்சி ஒரு ரசம்..."

"ரசமும் வேண்டாம், சாம்பாரும் வேண்டாம். ஏழு எண்ணுடா!"

அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மதிலுக்கு மேலே அந்த வீட்டைப் பார்த்தான். "செரி. கம்பு வச்சு ஒண்ணொண்ணாக் கொளுத்துகேன். மைக்ல பேரு கேட்டதும் தொடங்குவேன். அதுக்கு முன்ன இல்ல."

பாலத்தைத் தாண்டிக் கோயிலுக்குப் போய்ச் சேரப் பத்தேகால் ஆகிவிட்டது. வழிபாட்டுக் கவுண்டரில் வரிசை. முப்பத்தோரு வருஷம் வரிசையை ஒழுங்குபடுத்தினவள் நான்; அன்றைக்கு எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

"பத்தரை மணி வெடிக்குப் பேரு மாத்தணும். அனுஷாவ வெட்டிட்டு நீலாம்பாள்னு எழுதுங்க. விசாகம்."

கவுண்டரில் இருந்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ரசீது முறிச்சுக் கொடுத்தாச்சு சேச்சி. லிஸ்ட் மைக்குக்குப் போயாச்சு."

"எழுதினது நான். வழிபாடு எனக்க வழிபாடு."

"நேர்ந்தது அந்தக் குட்டிக்கல்லே? நேர்ச்சைய நடுவில மாத்தினா தோஷம் அந்தக் குட்டிக்கல்லே வரும்? அறியாத ஆளா நீங்க?"

நான் அதை நம்புகிறவள். சின்ன வயசிலிருந்து நம்புகிறவள். தேவி ஒன்று கேட்டுவிட்டால் கொடுத்தே தீர வேண்டும் என்று வளர்ந்தவள். அந்தப் பிள்ளை பேரில் வெடித்தாலும் கேடு, வெடிக்காவிட்டாலும் கேடு என்றால் நான் எங்கே போவேன்? பக்கத்து மேஜையில் மைக் வைத்திருந்தவன் கடுதாசியை விரித்துக்கொண்டான். "அடுத்ததாயிட்டு வெடி வழிபாடு..." என்று ஆரம்பித்துவிட்டான்.

எட்டி மைக்கின் மேல் கையை வைத்துப் பொத்தினேன்.

"தோஷம் உண்டெங்கில் எனக்க மேல எழுதிக்கோ!" என்று கத்தினேன். பொத்தின கைக்கும் அடங்காமல் என் குரல் மைக்கில் ஏறி ஆறு முழுக்கக் கேட்டதாம். "தேவிக்குக் காது உண்டுல்லா? அவளுக்குக் கேக்கட்டும். நீலாம்பாள், விசாகம். வேற பேரு இந்த மைக்ல வந்தா நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்."

வரிசையில் யாரோ, "விளிச்சிரு சாரே, பாவம், ஏதோ பிரச்சினை," என்றார்கள். கவுண்டரில் இருந்தவர் மைக்காரன் கையிலிருந்த கடுதாசியை வாங்கி வெட்டி எழுதினார்.

"நீலாம்பாள். விசாகம். நூற்றியொன்று."

முதல் வெடி.

எனக்கு வெடி என்றால் இஷ்டம். உற்சவம் வந்தால் குழந்தை மாதிரி மதிலோரம் போய் நிற்பவள். அன்றைக்குப் பாலத்தின் மேல் நடந்துகொண்டே கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, ஏழு. அடுத்தது. கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது. என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. இத்தனை வருஷம் எனக்கு இது கேட்டதே இல்லையா? எனக்கே இப்படி என்றால் அந்தப் பஞ்சு அறைக்குள் அவளுக்கு? முப்பது. முப்பத்தொன்று. பிரஜின் ஒருதரம்கூடப் பிசகவில்லை. பாதி எண்ணிக்கையில் எனக்கு நடக்க முடியாமல் பாலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓடியிருப்பாளோ, ரத்னா கையை உதறிவிட்டு ஆற்றுப் பக்கம் வந்திருப்பாளோ என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஏழுக்கும் பார்த்தேன். நூற்றியொன்றும் முடிந்து காக்கைகள் எல்லாம் அடங்கின பிறகுதான் எழுந்தேன்.

அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டக்கூடாது. படியில் உட்கார்ந்தேன். பன்னிரண்டரைக்குக் கதவு ஒரு சாண் திறந்தது. ரத்னாவின் முன்கையில் பல் பதிந்த அடையாளம், ரத்தம் கட்டியிருந்தது.

"ஓடல்ல," என்றாள். "என்னைக் கடிச்சா. அவளையும் கடிச்சிக்கிட்டா. நோட்டுல கோடு போட்டுக்கிட்டே இருந்தா. நூற்றியொண்ணு கோடு."

"இப்ப?"

ரத்னா என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துச் சொன்னாள். "பேரை விளிச்சுப் பாத்தேன் எக்கா. மெதுவா. அனுஷான்னு." அவள் உதடு கோணியது. "திரும்பிப் பாத்தா."

கதவு சாத்திக்கொண்டது. நான் என் வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். என் அழுகைக்கும் சத்தம் பெரிது.

நாலு நாள் அனுஷா பேசவில்லை, கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்தாள். ஒரு மாசம் வாசல் பக்கம் வரவில்லை. ரத்னாவும் பப்படம் தின்ன வரவில்லை. மேட மாசம் பிறந்து முதல் மழை பெய்த அன்றைக்கு, மதியம், தாயும் மகளும் முன்னும் பின்னுமாகச் சந்து முனை வரை போய்த் திரும்பி வருவதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். திரும்பும்போது ரத்னா, "அனுஷா, சேறு, பாத்து வா," என்றாள். பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா தபால்காரர் வர வேண்டும்? என் வாசலில் நின்று, வழக்கம்போல, "நீலாம்பாளே!" என்று கூவினார்.

அனுஷாவின் தோள் இரண்டும் காது வரை ஏறின. கை காதுக்குப் போயிற்று. சேற்றிலேயே குத்தவைத்து உட்கார்ந்து, தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு ஆடினாள். உதடு அசைந்தது. ஏழு ஏழாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு மாசமாயிற்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஸேஜில்கூட 'ஓகே'க்குப் பின்னால் வருகிற 'நீலாக்கா' நின்றுபோயிருந்தது. மைக்கைப் பொத்தினபோது நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இரண்டு நாள் கழித்து ரத்னா வந்தாள். பப்படம் பொரித்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே தின்றாள். போகும்போது அந்த நோட்டைப் பிரித்து மேடைமேல் வைத்தாள். "ஒனக்குக் காட்டணும்னு அவதான் தந்துவிட்டா," என்றாள். மீன்காரரின் ஹார்ன், குப்பை வண்டி, மிக்ஸி. அதற்குக் கீழே, புதிதாக ஒரு வரி, 'நீலாம்பாள்'. மணி என்ற கட்டம் காலியாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே தபால்காரரையும் பால்காரரையும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆளையும் பிடித்துச் சொல்லிவிட்டேன். வாசலில் நின்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. போனில் மெஸேஜ் போட்டால் போதும், நானே வந்துவிடுவேன். இதை அவர்களிடம் மெதுவாகத்தான் சொன்னேன்.